தேர்ச்சியா, நிறுத்தமா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படிப்பில் பின்தங்கும் மாணவரை அடுத்த வகுப்புக்கு அனுப்புவதா, அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்கார வைப்பதா என்ற விவாதம், கல்விக் கொள்கை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தலைதூக்குகிறது. தங்கள் நாளிதழின் வாசகர் கடிதங்களிலும் இரு தரப்பு வாதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். எல்லோருக்கும் தேர்ச்சி என்று அறிவித்ததும் படிப்பின் மீதிருந்த அக்கறையே போய்விட்டது என்கிறார்கள் சிலர். நிறுத்தி வைக்கப்படும் பிள்ளை மனம் நொந்து பள்ளியையே விட்டுவிடும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆயினும், தொடக்க வகுப்புகளில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு ஒரு பெரும் மனக்குறை உண்டு. இரு தரப்பாரும் கல்வியாண்டின் கடைசி நாளைப் பற்றியே பேசுகிறார்கள். ஒரு பிள்ளை பின்தங்கத் தொடங்கிய நாளுக்கும் அந்தக் கடைசி நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பள்ளி அந்தப் பிள்ளைக்காக என்ன செய்தது என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு கொள்கை மாணவரை வளர்க்கிறதா, கைவிடுகிறதா என்பதை அந்த இடைக்காலம்தான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நிறுத்தி வைப்பதால் என்ன விளைகிறது என்பதற்குப் போதுமான சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் சிகாகோ நகரப் பொதுப் பள்ளிகள், தகுதி பெறாதவர்களையும் மேல் வகுப்புக்கு அனுப்பும் வழக்கத்தை 1996ஆம் ஆண்டில் முடிவுக்குக் கொண்டுவந்தன. 3, 6, 8ஆம் வகுப்புகளின் முடிவில் வாசிப்பிலும் கணக்கிலும் குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டாதவர்கள் கோடை வகுப்புக்குச் சென்று மறுதேர்வு எழுத வேண்டும். அதிலும் எட்டாதவர்கள் அதே வகுப்பில் நிறுத்தப்பட்டார்கள். இவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், ஏறக்குறைய இதே நிலையில் இருந்தும் மயிரிழையில் தேறி மேலே சென்றவர்களோடு இவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களுக்கு நிலைத்த பயன் எதுவும் கிட்டவில்லை. ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களின் வளர்ச்சி குன்றியது. எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களிடையே இடைநிற்றல் கூடியது. வயதுக்கேற்ற தோழர்கள் மேலே போய்விட, தன்னைவிடச் சிறியவர்களோடு அதே பாடத்தை அதே முறையில் இரண்டாவது முறை கேட்கும் பதின்ம வயதுப் பிள்ளையிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

ஆனால் ஃபுளோரிடா மாநிலத்தின் அனுபவம் சற்று வேறுபட்டது. நிறுத்தி வைத்தலை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவதும் அதைத்தான். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருப்பவர்களை நிறுத்தி வைக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 2002ஆம் ஆண்டில் வந்தது. நிறுத்தப்பட்டவர்கள் அடுத்த சில ஆண்டுகளில், மேலே அனுப்பப்பட்ட தம் வயதினரைவிட வாசிப்பிலும் கணக்கிலும் தெளிவாக முந்தினார்கள். இந்த முன்னிலை ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்துவிட்டது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதமும் இதனால் உயரவில்லை. ஆயினும், பிற்காலத்தில் அவர்களுடைய மதிப்பெண்கள் ஓரளவு மேம்பட்டிருந்தன, துணை வகுப்புகளின் தேவையும் குறைந்திருந்தது. இதைக் காட்டி, நிறுத்தி வைத்தால் பிள்ளைகள் படிப்பார்கள் என்று முடிவு கட்டுவது பிழை. அந்தச் சட்டம் பிள்ளையை நிறுத்தியதோடு விட்டுவிடவில்லை. கோடை வாசிப்பு முகாம், நாள்தோறும் தடையின்றி 90 நிமிட வாசிப்புப் பயிற்சி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்திட்டம், திறமை நிரூபித்த ஆசிரியரிடம் பொறுப்பு என்று பள்ளியின் மீதும் அது கடமைகளைச் சுமத்தியது. பலன் நிறுத்தியதால் வந்ததா, உதவியால் வந்ததா என்று பிரித்தறிவது எளிதன்று. ஆனால் உதவியில்லாமல் நிறுத்திய இடங்களில் பலன் வரவில்லை என்பது கண்கூடு. அந்த உதவியை மூன்றாம் வகுப்பின் முடிவுவரை காத்திராமல் முதல் வகுப்பிலேயே கொடுத்திருக்கலாமே என்றுதான் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குத் தோன்றும்.

பின்தங்குதல் என்பது ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதலிரண்டு வகுப்புகளில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. மூன்று, நான்காம் வகுப்புகளிலிருந்து வாசித்துத்தான் மற்றெல்லாவற்றையும் கற்க வேண்டியிருக்கிறது. அறிவியலும் சமூக அறிவியலும் மட்டுமல்ல, கணக்கு வினாவும் ஒரு பத்தியாகத்தான் பாடநூலில் வருகிறது. எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளைக்கு அங்கே எல்லாப் பாடமும் ஒரே நேரத்தில் கைநழுவுகிறது. வாசிப்பு ஆய்வாளரான கீத் ஸ்டேனோவிச் 1986ஆம் ஆண்டிலேயே இதை விளக்கினார். எளிதாக வாசிக்க வந்த பிள்ளை மேலும் வாசிக்கிறது; அதனால் சொல்வளமும் பொது அறிவும் பெருகி, அடுத்த வாசிப்பு இன்னும் எளிதாகிறது. திணறும் பிள்ளை வாசிப்பதைத் தவிர்க்கிறது. அதனால் இடைவெளி ஆண்டுதோறும் விரிகிறது. முதல் வகுப்பில் சில வாரப் பயிற்சியால் சரியாகக்கூடிய குறை ஆறாம் வகுப்பில் மலைபோல் நிற்பதற்கு இதுவே காரணம். கவனக்குறைவு, சோம்பல், அடங்காமை என்று நாம் பதிவேட்டில் எழுதுபவற்றில் பெரும்பகுதி, வாசிக்கத் தெரியாததை மறைக்க ஒரு பிள்ளை படும் பாடு என்பதை அனுபவமுள்ள எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்வார்.

அப்படியானால், பின்தங்கும் பிள்ளைகளைக் கருதித் தீட்டப்படும் நல்ல திட்டங்கள் பலவும் ஏன் அவர்களைச் சென்றடைவதில்லை? பெரும்பாலான பாடத்திட்டங்கள் வகுப்பின் முன்வரிசையை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன என்பதே என் விடை. கென்யாவின் கிராமப்புறப் பள்ளிகளில் 1990களில் நடந்த ஓர் ஆய்வு இதைத் துலக்கமாகக் காட்டியது. ஒரு பாடநூலைப் பல பிள்ளைகள் பகிர்ந்துகொண்டிருந்த பள்ளிகளுக்கு அரசு ஏற்ற பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டன. சராசரி மதிப்பெண் உயரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துவந்தவர்கள் மட்டுமே மேலும் முன்னேறினார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அது அப்பிள்ளைகளில் பலருக்கு மூன்றாவது மொழி. நூலின் நடையும் பாடத்தின் வேகமும் அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. கையில் புத்தகம் இருந்தும் பாதிப் பேருக்குமேல் அதைப் பயன்படுத்திக்கொள்ள இயலவில்லை. பாடநூல் வழங்குவது வீண் என்று நான் இதற்குப் பொருள்கொள்ளவில்லை. பிள்ளை நிற்கும் இடத்துக்கும் பாடம் தொடங்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்காமல் எதை வழங்கினாலும், அது ஏற்கெனவே உள்ளவர்களுக்கே போய்ச் சேர்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்தத் தூரத்தை அளந்து வேலை செய்தவர்களின் அனுபவம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மும்பையில் 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, மும்பை, வதோதரா நகரங்களின் மாநகராட்சிப் பள்ளிகளில் 2001 முதல் ஒரு முயற்சியை மேற்கொண்டது. மூன்று, நான்காம் வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வராத பிள்ளைகளைச் சிறு குழுவாகப் பிரித்து, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள் பள்ளி நேரத்தில் இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினார்கள். அந்தப் பெண்கள் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் அல்லர். குறுகிய காலப் பயிற்சி மட்டுமே பெற்றவர்கள். ஆயினும் பிள்ளைகளிடம் ஏற்பட்ட முன்னேற்றம் கல்வித் திட்டங்களில் அரிதாகக் காணப்படும் அளவுக்கு இருந்தது. மிகவும் பின்தங்கியிருந்தவர்களே அதிகம் பயனடைந்தார்கள். பின்னாளில் 2019ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இதை மதிப்பிட்ட குழுவில் இருந்தவர்கள். அவர்களோடு அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரெமர், மேலே சொன்ன கென்யப் பாடநூல் ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர்.

இந்த முறையை அரசுப் பள்ளி ஆசிரியர்களிடமே கொண்டுசென்றபோது நடந்தது இன்னும் கூர்ந்து கவனிக்கத்தக்கது. பீகாரில் 2008ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு மாதம் வாசிப்பு முகாம் நடத்தினார்கள், பிள்ளைகள் முன்னேறினார்கள். பள்ளி திறந்த பிறகு, பயிற்சியும் கற்பித்தல் பொருள்களும் ஆசிரியர்கள் கையில் இருந்தும், அவற்றால் மட்டும் வகுப்பறையில் பயன் ஏதும் விளையவில்லை. ஆசிரியர்களின் திறமை பள்ளி திறந்த அன்றே மறைந்துவிடவில்லை. பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களைத் திரும்பவும் பாடநூலின் பக்கங்களுக்கே இழுத்துச் சென்றது. முடிக்க வேண்டிய பாடங்களின் பட்டியல் மேலதிகாரியின் கையில் இருக்கும்போது, வாசிக்க வராத பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் துணிவு எந்த ஆசிரியருக்கு வரும்? ஹரியானாவில் 2012–13ஆம் கல்வியாண்டில் இதற்கொரு வழி காணப்பட்டது. நாள்தோறும் ஒரு மணி நேரம் பாடத்திட்டத்திலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டது. அந்த நேரத்தில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரையுள்ள பிள்ளைகள், எந்த வகுப்பு என்று பாராமல், வாசிப்பு நிலைக்கேற்பக் குழுவாக்கப்பட்டார்கள். மேற்பார்வை அலுவலர்களும் முதலில் பள்ளிகளில் இந்த முறையில் பாடம் நடத்திப் பழகிய பிறகே ஆசிரியர்களுக்கு வழிகாட்டினார்கள். மொழிப் பாடத்தில் பலன் தெளிவாகத் தெரிந்தது. வகுத்து ஒதுக்கிய நேரமும், அந்த நேரம் மேலிடத்தின் ஒப்புதலோடு நடக்கிறது என்ற உறுதியும் ஆசிரியருக்குக் கிடைத்ததே இங்கே வேறுபாடு. கொள்கை வகுப்போர் இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொண்டால் போதும் என்பேன்.

இதற்கு விலையுயர்ந்த தேர்வு முறையும் வேண்டியதில்லை. எழுத்து, சொல், எளிய பத்தி, சிறு கதை ஆகியவை அச்சிடப்பட்ட ஒரே தாளைக் கொண்டு, ஒரு பிள்ளை வாசிப்பில் எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சில நிமிடங்களில் அறிந்துவிடலாம். நம் நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையைக் காட்டும், 2005 முதல் வெளிவரும் ஏசர் அறிக்கைகளுக்கான கணக்கெடுப்பு இந்த எளிய கருவியைக் கொண்டே நடக்கிறது. இதைக் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஆசிரியரே செய்து பார்த்தால், வகுப்பில் யாருக்கு என்ன தேவை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஆனால் அளவிடுதல் வேறு, இலக்கு வைத்து மிரட்டுதல் வேறு. அமெரிக்காவில் 2002 ஜனவரியில் கையெழுத்தான சட்டம், ஒரு பிள்ளையும் பின்தங்கலாகாது என்பதையே தன் பெயராகக் கொண்டிருந்தது. 3 முதல் 8ஆம் வகுப்புவரை ஆண்டுதோறும் தேர்வு, 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும், எட்டாத பள்ளிகள் மீது நடவடிக்கை என்பன அதன் விதிகள். நோக்கத்தில் குறையில்லை. அதுவரை பள்ளி அளவிலான சராசரிக்குள் மறைந்திருந்த ஏழை மாணவர், சிறுபான்மை மாணவர், மாற்றுத்திறனாளி மாணவர் ஆகியோரின் நிலையைத் தனித்தனியே வெளிப்படுத்தியது அச்சட்டத்தின் பெரும் நன்மை. ஆனால் தேர்ச்சிக் கோட்டைக் கடந்தவர் எத்தனை பேர் என்பது மட்டுமே பள்ளியின் விதியைத் தீர்மானித்ததால், பல பள்ளிகளின் கவனம் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றவர்கள் மீதே குவிந்தது. சிகாகோ மாணவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்தவர்கள், நடுவில் நின்றவர்கள் முன்னேறியதையும், மிகக் கீழே நின்றவர்களிடம் முன்னேற்றம் என்று சொல்லத்தக்கது தென்படாததையும் கண்டார்கள். எந்தப் பிள்ளைகளின் பெயரால் சட்டம் வந்ததோ, அவர்களில் கடைக்கோடியில் இருந்தவர்களே அதன் கணக்குக்கு வெளியே நின்றுவிட்டார்கள். 2015ஆம் ஆண்டின் இறுதியில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறு சட்டம் வந்தது. தேர்ச்சி விகிதத்தை வைத்தே தலைமையாசிரியரைப் பாராட்டவும் விளக்கம் கேட்கவும் செய்யும் எந்த நிர்வாகமும் இதே விளைவைத்தான் சந்திக்கும்.

பின்லாந்தைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. அதில் பெரும்பகுதி மிகைப்புகழ்ச்சி. அந்நாட்டின் வாசிப்பு, கணித மதிப்பெண்கள் 2006க்குப் பின் தொடர்ந்து சரிந்து வந்திருப்பதையும் மறைக்கக் கூடாது. ஆயினும் அங்கிருந்து கற்க வேண்டிய ஒன்று நான் சொல்லும் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. முன்பு பத்து, பதினோரு வயதிலேயே பிள்ளைகளை இரு பாதைகளாகப் பிரித்துவந்த அந்நாடு, 1972இல் வடபகுதியில் தொடங்கி 1977இல் தென்பகுதிவரை, எல்லோருக்கும் பொதுவான ஒன்பதாண்டுப் பள்ளியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எல்லாத் தரத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமரும்போது பின்தங்குபவர்களுக்கு உதவி கட்டாயத் தேவையாகிறது என்பதை உணர்ந்து, பகுதிநேரச் சிறப்பு ஆசிரியர்களைப் பள்ளிகளில் அமர்த்தினார்கள். ஒரு பிள்ளை வாசிப்பிலோ கணக்கிலோ தடுமாறினால், நோய்ப்பெயரோ சான்றிதழோ கேட்காமல், வாரத்தில் சில பாட வேளைகள் சிறு குழுவில் உதவி கிடைக்கிறது; தடுமாற்றம் தீர்ந்ததும் பிள்ளை வகுப்புக்குத் திரும்புகிறது. கணிசமான மாணவர்கள் இந்த உதவியைப் பெறுவதால், அதைப் பெறுவது யாருக்கும் தலைகுனிவாக இருப்பதில்லை. மெல்லக் கற்போர் என்று பெயரிட்டுக் கடைசி வரிசையில் நிரந்தரமாக உட்கார வைக்கும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்போரும் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989வரை நடந்த பெரிய ஆய்வில், 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளில் படித்த சிறு பிள்ளைகள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளில் படித்தவர்களைவிட முன்னேறினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பார்த்துக் கலிஃபோர்னியா 1996இல் மாநிலம் முழுவதும் ஒரேயடியாக வகுப்பின் அளவைக் குறைத்தபோது ஆசிரியர் பற்றாக்குறை ஏற்பட்டது. அனுபவமிக்கவர்கள் வசதியான பகுதிகளில் திறந்த புதிய இடங்களுக்குப் போனார்கள். ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளுக்கு முழுத் தகுதி பெறாதவர்களே மிஞ்சினார்கள். முன்னோடித் திட்டத்தில் வென்ற ஒன்றை அவசரமாக விரிவுபடுத்தும்போது அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

பாடத்துக்கு வெளியே உள்ள தடைகளையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பசியோடு இருக்கும் பிள்ளையால் கவனிக்க முடியாது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கண்பார்வைக் குறை அவ்வளவு எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. மேற்குச் சீனாவின் கிராமப்புறப் பள்ளிகளில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. அந்தப் பிள்ளைகளின் கணித மதிப்பெண் ஒரே கல்வியாண்டில் உயர்ந்திருந்தது. கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தம் என்று சொல்லி அதே வகுப்பில் நிறுத்துவது எவ்வளவு பெரிய அநீதி!

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. திட்டங்களின் வெற்றியை அடுத்த தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து எடைபோடுகிறோம். மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டி நகரில் 1962 முதல் 1967வரை, வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 சிறு குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் தரமான முன்பருவக் கல்வியும் வாரந்தோறும் வீட்டுக்கு வந்து பெற்றோருடன் உரையாடும் ஆசிரியரையும் அளித்தார்கள். அந்தக் குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண்ணில் ஏற்பட்ட உயர்வு தொடக்கப் பள்ளியின் முதல் சில ஆண்டுகளிலேயே கரைந்துவிட்டது. அன்றே கணக்கை முடித்திருந்தால், திட்டம் தோற்றது என்று கோப்பை மூடியிருப்பார்கள். ஆனால் அவர்கள் நாற்பது வயதை எட்டியபோது, மற்ற குழுவினரைவிடக் கூடுதலானோர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், குற்ற வழக்குகளில் கைதானவர்கள் குறைவாக இருந்தார்கள். விடாமுயற்சி, பிறரோடு ஒத்துப்போதல், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளுதல் ஆகிய குணங்கள் மதிப்பெண் பட்டியலில் ஏறாமல் வாழ்க்கையில் வேலை செய்திருக்கின்றன. ஓராண்டில் பலன் காட்டவில்லை என்று திட்டங்களை மாற்றிக்கொண்டே இருக்கும் நிர்வாகத்துக்கு இந்தப் பொறுமை வாய்ப்பதில்லை.

ஆகவே கல்வித் துறையினரிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் ஒன்றன்று. முதல் மூன்று வகுப்புகளின் கால அட்டவணையில், வாசிப்புக்கும் எண்ணறிவுக்கும் நாள்தோறும் ஒரு மணி நேரத்தைப் பாடத்திட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்து எழுத்துப்பூர்வமாக ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் பதிவேடு எழுதவோ, இணையத்தில் விவரம் ஏற்றவோ, சுற்றறிக்கைக்குப் பதில் அனுப்பவோ ஆசிரியரை அழைக்காதீர்கள். பள்ளிக்கு ஆய்வுக்கு வரும் அலுவலர், எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்பதற்கு முன், சென்ற மாதம் எழுத்துக் கூட்டிய பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த மாதம் பத்தி வாசிக்கிறார்கள் என்று கேட்கட்டும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பிள்ளையை நிறுத்தலாமா என்ற கேள்வி எழுமானால், அது மிகச் சிலரைப் பற்றிய கேள்வியாகத்தான் இருக்கும்; அதைப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து அமர்ந்து முடிவு செய்துகொள்ளலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பொதுத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் தேர்ச்சி விகிதத்தையும் முதலிடம் பெற்றவர்களின் படங்களையும் பக்கம் பக்கமாக வெளியிடுகிறீர்கள். அந்த மாணவர்களின் உழைப்புக்கு அது உரிய மரியாதை. அதே அக்கறையோடு, ஆண்டுக்கொரு முறையாவது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் தடங்கலின்றி ஒரு பத்தி வாசிக்கிறார்கள், வாசிக்க இயலாதவர்களுக்கு அந்த ஆண்டு என்ன உதவி தரப்பட்டது என்ற விவரங்களை அரசிடம் கேட்டுப் பெற்று முதல் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். அதிகாரிகள் பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் செய்தியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர்